தாழியின் வாய்

ஆச்சி சொன்ன ஒரு கதையை, அவளுடைய எண்பத்திரண்டாம் வயதில், வீடு நிறையச் சொந்தக்காரர்கள் கூடியிருந்த ஒரு பொங்கல் நாளில், நான் எல்லார் முன்னிலையிலும் திருத்தினேன். திருத்தியது சரியான தகவலைக் கொண்டுதான். ஆனாலும் அன்று அவள் என்னைப் பார்த்த பார்வை பல ஆண்டுகள் என்னை விட்டுப் போகவில்லை.

தாமிரபரணிக்குத் தெற்கே, எங்கள் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவில் ஒரு செம்மண் பொட்டல் இருக்கிறது. உடைமரமும் சரளைக்கல்லும் தவிர அங்கே வேறொன்றும் கிடையாது. பெருமழை பெய்து ஓய்ந்த மறுநாள் போனால், தரையில் வட்ட வட்டமாகச் சிவந்த விளிம்புகள் தெரியும். ஆடு மேய்க்கிறவர்கள் அவற்றின்மேல் கால் வைக்காமல் சுற்றிக்கொண்டு போவார்கள். ஆச்சியின் கதை அந்த வட்டங்களைப் பற்றியது. அந்தக் காலத்தில் மனிதருக்குச் சாவே கிடையாதாம். வயது ஏற ஏற உடம்பு சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் பூனைக்குட்டி அளவுக்கு ஆகிவிடுவார்களாம். பிள்ளைகள் அவர்களைத் தூக்கி விளக்கு மாடத்தில் உட்காரவைப்பார்களாம். அங்கிருந்தும் உருண்டு விழுந்து அழுவார்களாம். வேறு வழி தெரியாமல் குயவரிடம் சொல்லிப் பெரிய தாழி செய்து, கொஞ்சம் சோறும் தண்ணீரும் உள்ளே வைத்து, ஒரு விளக்கையும் ஏற்றி, அவர்களை உள்ளே இறக்கி, மூடி போட்டுப் பொட்டலில் புதைத்துவிட்டு வருவார்களாம். “ராத்திரி காது வச்சுக் கேட்டா இப்பவும் உள்ள மதமதன்னு சத்தம் கேக்கும்ல, அதான் மதமதக்கத் தாழி” என்று அவள் முடிக்கும்போது, நாங்கள் பேரப்பிள்ளைகள் எல்லாரும் ஒரே போர்வைக்குள் இருப்போம்.

இந்தக் கதை ஆச்சிக்கு மட்டும் சொந்தமில்லை. தென்மாவட்டங்களில் வளர்ந்த பலருக்கும் இதன் ஏதோ ஒரு வடிவம் தெரிந்திருக்கும். நான் அன்று சொன்னது இதுதான்: தாழிக்குள் யாரையும் உயிரோடு வைக்கவில்லை, இறந்த பிறகு உடலை வெளியில் இட்டோ வேறிடத்தில் புதைத்தோ வைத்திருந்து, சதை அழிந்ததும் எலும்புகளை மட்டும் பொறுக்கியெடுத்துத் தாழியில் இட்டார்கள், முதுமக்கள் தாழி என்ற பெயரில் உள்ள ‘முதுமக்கள்’ என்றால் கிழவர்கள் என்று பொருளில்லை, முன்னோர் என்றுதான் கொள்ள வேண்டும், ஒரு முழு ஆளை உட்காரவைக்கப் பெரும்பாலான தாழிகளின் வாய் போதாது. ஆச்சி வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டாள். பிறகு, “நீ வாயை அளந்து பாத்தியாக்கும்?” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் அளந்திருக்கவில்லை.

எலும்பு பொறுக்கியவர்கள்

அளந்து பார்க்கத்தான் முதலில் போனேன். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில், தாமிரபரணிக் கரையின் பழைய இடுகாடான ஆதிச்சநல்லூரில் கிடைத்த பொருள்கள் இருக்கின்றன. 1876இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் அங்கே தோண்டி, கிடைத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து அலெக்சாண்டர் ரீ என்ற தொல்லியலாளர் விரிவாக அகழ்ந்து எடுத்தவை சென்னைக்கு வந்தன. பொன்னால் ஆன நெற்றிப்பட்டங்களையும், எருமையும் பறவையும் நிற்கும் வெண்கல மூடிகளையும், துருவேறிய இரும்பு வாள்களையும் கூட்டம் நின்று பார்க்கும். நான் மண்பானைகளின் பக்கம் நின்றேன். தாழி என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். நேரில் பார்த்தால் அது நெல் கொட்டும் குதிருக்கும் தண்ணீர்ச் சாலுக்கும் இடைப்பட்ட ஒரு உருவம். தடித்த சுவர், கூம்பிய அடி, தானாக நிற்காத உடம்பு. மண்ணில் நட்டால்தான் நிற்கும். வேறெதற்கும் பயன்படாத ஒரு பாத்திரத்தை, சாவுக்கென்றே, இவ்வளவு பெரிதாக வனைந்து, வெடிக்காமல் சுட்டெடுத்த குயவரின் உழைப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது என் சிறு மனத்தாங்கல். ஆதிச்சநல்லூரில் அந்தத் தாழியை இறக்குவதற்கான குழியைச் சரளை நிறைந்த கெட்டித் தரையை உடைத்துத்தான் தோண்டியிருக்கிறார்கள்.

தாழி மட்டும்தான் வழி என்பதும் இல்லை. கொங்குப் பக்கம் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் நிலத்துக்குக் கீழே பலகைக் கற்களை நிறுத்திப் பெட்டிபோல அமைத்து, மேலே மூடுகல்லை ஏற்றி, அதன்மேல் கற்களையும் மண்ணையும் குவித்து, சுற்றிலும் பெரிய உருண்டைக் கற்களை வட்டமாகப் பதித்திருக்கிறார்கள். சில கல்லறைகளில் ஒரு பலகைக் கல்லில் இடுதுளை என்று சொல்லப்படும் ஓட்டை இருக்கும். அடைத்து முடித்த பிறகும் உள்ளே இருப்பவருக்கு ஏதாவது கொடுக்கவோ, இன்னொருவரின் எலும்பைச் சேர்க்கவோ அந்த வழி தேவைப்பட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எலும்பே இல்லாத கற்குவைகளும் உண்டு. எங்கோ இறந்து உடல் கிடைக்காமல் போனவருக்காக எழுப்பியவையாக அவை இருக்கலாம். சுடுவோர், அப்படியே இடுவோர், குழி தோண்டிப் புதைப்போர், தாழ்ந்த இடத்தில் அடைப்போர், தாழியில் கவிப்போர் என்று மணிமேகலை ஒரே சுடுகாட்டில் ஐந்து வகையினரை அடுக்குகிறது. ஒரே ஊரில், ஒரே காலத்தில், பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் இறந்தவர்களை வெவ்வேறு விதமாக அனுப்பியிருக்கிறார்கள் என்பதுதான் அந்த அடுக்கில் எனக்குப் பிடித்த செய்தி.

இதையெல்லாம் படிக்கப் படிக்க, ஆச்சியிடம் நான் பேசிய பேச்சின் உறுதி கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. ஆதிச்சநல்லூரின் சில தாழிகளில் குத்துக்காலிட்டு அமர்ந்த நிலையில் முழு எலும்புக்கூடுகள் இருந்ததை ரீ பதிவு செய்திருக்கிறார். 2004இலும் 2005இலும் இந்தியத் தொல்லியல் துறை அங்கே மீண்டும் அகழ்ந்தபோதும், எலும்புகளைப் பொறுக்கி இட்ட தாழிகளோடு, உடலை நேரடியாகவே இறக்கிய தாழிகளும் வெளிவந்தன. உயிரோடு இறக்கினார்கள் என்பதற்கு எங்கும் சான்று இல்லை. அந்த அளவில் என் திருத்தம் நிற்கும். ஆனால் தாழியின் வாய் போதாது என்று நான் எடுத்துவிட்டது பாதிப் படிப்பில் பிறந்த பேச்சு. வாய் போதுமான தாழிகளும் இருந்தன. ஆச்சி கேட்ட கேள்வி சரியான கேள்விதான்.

பல்

பின்பு ஓர் ஆண்டு, ஒரு நண்பரின் பரிந்துரையில், சிறிய அகழாய்வுக் குழியொன்றைக் கரையில் நின்று பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. எந்த இடம் என்பது இங்கே முக்கியமில்லை. காலை ஏழு மணிக்கே வெயில் ஏறிவிடும் மண். குழிக்குள் ஒரு தாழி ஏற்கெனவே தலைகாட்டியிருந்தது. மற்றவற்றைவிடச் சிறியது, ஒரு ஆள் இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்துத் தூக்கிவிடலாம் என்று தோன்றும் அளவு. மூடி உடைந்து உள்ளே விழுந்திருந்தது. மேல்மண் ஏறி மிதித்த பாரத்தில் சுவரில் நெடுக விரிசல் விட்டு, அப்படியும் வட்டம் குலையாமல் நின்றது. உள்ளே மழைநீரோடு இறங்கிப் படிந்த மண், இறுகிப் போய், தாழியின் உருவத்திலேயே இருந்தது.

அந்த மண்ணை எடுக்கிற வேலை பார்க்கப் பொறுமை வேண்டும். கொத்தனார் கரண்டி ஓரளவுக்குத்தான். பிறகு மூங்கில் குச்சி, அதற்குப் பிறகு தூரிகை. பக்கத்து ஊர்ப் பெண்கள் இருவர் குழிக்குள் இறங்கி வேலை செய்தார்கள். எடுத்த மண்ணை இன்னொருத்தி மேலே சல்லடையில் சலித்துக்கொண்டிருந்தாள். பதினோரு மணிவாக்கில் முதலில் வந்தது ஒரு கிண்ணம். உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாக, என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடக்கூடிய அளவு. அடியில், தாழியின் கூம்பு தொடங்கும் இடத்தில், எலும்புகள். எலும்பு என்றால் நாம் நினைக்கிற வெள்ளை நிறமெல்லாம் இல்லை. மண்ணின் நிறத்தில், மண்ணைவிடச் சற்றே மென்மையாக, தொட்டால் உதிரும்படி. இரண்டு தொடையெலும்புகள் ஒன்றையொன்று ஒட்டி, விறகு அடுக்கினதுபோல நேராக இருந்தன. உடம்போடு இறக்கியிருந்தால் அவை அப்படி இருக்க முடியாது. யாரோ பொறுக்கியெடுத்து, சேர்த்து, வைத்திருக்கிறார்கள். அவற்றை ஒட்டி மண்டையோட்டுச் சில்லுகள். அதற்குக் கீழே கீழ்த்தாடையில் ஒரு பாதி.

குழிக்குள் இருந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, தாடையின் பக்கம் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, மேலே நின்ற எங்களைப் பார்த்து, “முன்பல்லு விழுந்துருக்கு சார். எம் பேரனுக்கு இப்பத்தான் விழுந்துச்சு. ஏழு வயசு இருக்கும்” என்றார். அகழாய்வை நடத்திய பேராசிரியர் இறங்கிப் போய்ப் பார்த்தார். முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைத்து முடிந்திருந்தது. உடைந்த தாடையின் வெட்டுப் பக்கத்தில், பால்பல்லுக்குக் கீழே, இன்னும் வெளிவராத நிலைப்பல் எலும்புக்குள்ளேயே முத்துப்போல உட்கார்ந்திருந்தது. ஆறிலிருந்து எட்டுக்குள் என்று குறிப்பேட்டில் எழுதச் சொன்னார். ஆணா பெண்ணா என்று நான் கேட்டேன். இந்த வயதில் எலும்பின் வடிவத்தை வைத்துச் சொல்ல முடியாது, இடுப்பெலும்பு இன்னும் வேறுபட்டிருக்காது என்றார். அந்த அம்மா மறுபடியும் தூரிகையை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அன்று முழுவதும் அவர் அந்தத் தாடையைச் சுற்றியிருந்த மண்ணை எடுத்த விதத்தில் ஒரு மாற்றம் இருந்தது. நான் கற்பனை செய்துகொள்கிறேன் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

இப்படி எலும்பைப் பிறகு பொறுக்கிப் புதைப்பதை இரண்டாம் நிலை அடக்கம் என்பார்கள். அந்தச் சொற்றொடரை நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. பொங்கலன்று ஆச்சியிடமும் அதைத்தான் சொன்னேன். அந்தச் சொற்றொடரில் ஆளே கிடையாது. உடல் தானாக வெளியில் கிடந்து, எலும்பு தானாகத் தாழிக்குள் வந்துவிடும். இங்கே பால்பல் விழத் தொடங்கிய ஒரு பிள்ளை இறந்திருக்கிறது. அதை ஓரிடத்தில் விட்டுவிட்டு வீடு திரும்பியிருக்கிறார்கள். மாதங்களோ ஒரு பருவமோ கழிந்திருக்கும். ஊரில் மற்ற வேலைகள் நடந்திருக்கும், விதைத்து அறுத்திருப்பார்கள். அதன்பின் ஒருநாள், அதே இடத்துக்குப் போய், எது காற்றில் போயிற்று, எது நரி கொண்டுபோயிற்று, எது மிச்சம் என்று தேடி, மிச்சத்தை எடுத்து, அளவு சொல்லிச் செய்வித்த சின்னத் தாழியில் அடுக்கி, அந்தக் கைக்கு ஏற்ற ஒரு கிண்ணத்தையும் வைத்து மூடியிருக்கிறார்கள். அழுது முடித்த பிறகு இன்னொரு முறை போக வேண்டியிருந்த அந்தப் பயணம்தான் எனக்கு அன்று முதன்முதலாகத் தெரிந்தது. ஆச்சியின் கதையில் குழந்தைக்கு இடமில்லை. அது கிழவர்களின் கதை. என் திருத்தத்திலும் குழந்தைக்கு இடமில்லை. அது யாருடைய கதையும் இல்லை.

எத்தனை ஆண்டுப் பழமை

நாங்கள் அன்று மாலை திரும்புகையில், வழியில் ஒருவர் எங்கள் வண்டியை நிறுத்திக் கேட்டது, “எத்தன வருசம் பழசு சார்?” என்பது. எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள், நானும் கேட்பேன், கேட்பதில் தவறும் இல்லை. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் ஒரு தாழியில் கிடைத்த நெல்லின் காலம் பொ.ஆ.மு. (பொது ஆண்டுக்கு முன், அதாவது கி.மு.) 1155 என்று 2021இல் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டபோது நானும் கைதட்டியவன்தான். பழனிக்குப் பக்கத்துப் பொருந்தலில் ஒரு கல்லறைக்குள் ஜாடி நிறைய நெல் கிடைத்ததையும், அதன் காலம் பொ.ஆ.மு. ஐந்தாம் நூற்றாண்டு என்று வந்ததையும் பலரிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்திருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு முறையும் அந்த நெல் நமக்கு ஒரு கடிகாரமாக மட்டுமே ஆகிவிடுகிறது. அதை உள்ளே வைத்தவருக்கு அது கடிகாரம் இல்லை. ஒரு ஜாடி நெல் என்பது, அறுவடை எப்போதும் உறுதியில்லாத நிலத்தில், உயிரோடிருப்பவர்களின் வாயிலிருந்து எடுத்துக் கொடுத்த உணவு.

கீழடிக்குப் பக்கத்தில் உள்ள கொந்தகை, அந்த ஊரின் இடுகாடு. அங்கே கிடைத்த இரண்டு மண்டையோடுகளை வைத்து, லிவர்பூலில் உள்ள ஒரு பல்கலைக்கழக ஆய்வகம் முகங்களை மீட்டுருவாக்கி, 2025இல் படங்கள் வெளிவந்தன. இருவரும் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஆண்கள். படம் வந்த அன்றே, இவர் யாரைப்போல இருக்கிறார், எந்த இனம், எங்கிருந்து வந்தவர் என்று சண்டை தொடங்கிவிட்டது. மண்டையோடு எலும்பின் அமைப்பைச் சொல்லும். தோலின் நிறத்தையும் மீசையையும் அது சொல்லாது, அவை படம் வரைகிறவர்கள் தகுந்த ஊகத்தோடு இட்டு நிரப்புபவை. அதையும் மறந்துவிட்டு நிறத்தைப் பற்றியே மூன்று நாள் பேசினோம். நான் அந்த இரண்டு முகங்களில் ஒன்றை நெடுநேரம் பார்த்தேன். எங்கள் ஊர்ப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிக்கொண்டு வருகிற யாராகவும் அவர் இருக்கலாம். அதே கொந்தகையில் குழந்தைகளின் எலும்புக்கூடுகளும் கிடைத்தன. அவற்றைப் பற்றி யாரும் சண்டை போடவில்லை.

கூற்றம் கொள்ளாதவள்

ஆச்சி கடைசி இரண்டு ஆண்டுகள் படுக்கையில் இருந்தாள். ஆறடிக்குச் சற்றுக் குறைவான உயரம் என்று தாத்தா பெருமையாகச் சொன்ன உடம்பு, கட்டிலின் நடுவில் ஒரு முடிச்சுப்போலக் கிடந்தது. அவளைத் தூக்கி உட்காரவைக்க ஒரு ஆள் போதும் என்ற நிலை வந்தபோதுதான், விளக்கு மாடத்துக் கதையை நான் வேறு விதமாகக் கேட்கத் தொடங்கினேன். “எமன் என் ஓலையத் தொலச்சுட்டான்ல” என்று அடிக்கடி சொல்வாள். அது வேடிக்கைப் பேச்சு மாதிரிதான் இருக்கும். வீட்டில் யாரும் அவளை ஒரு சொல் குறைத்துச் சொன்னதில்லை. ஆனால் இரவில் யார் விழித்திருப்பது என்று முறைவைத்துப் பேசிக்கொள்வது அவள் காதில் விழத்தான் செய்தது.

நற்றிணையில் ஒரு தாய் பேசுகிறாள். மகள் தன் காதலனோடு சுரம் கடந்து போய்விட்டாள். அந்தப் பிரிவைக் காண்பதற்கு முன்பே தன்னைக் கொண்டுபோகாமல் விட்டதற்காகக் கூற்றத்தைச் சபிக்கும் அவள், கரிய பெருந்தாழி தன்மேல் கவிந்திருக்கக் கூடாதா என்று ஏங்குகிறாள். கல்லூரியில் அதைத் தாழிக்குச் சான்றாகக் குறித்துக்கொண்டவன் நான். ஒரு வரி, ஓர் அடிக்குறிப்பு, அவ்வளவுதான். ஆச்சியின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தபோதுதான் அது சாவு வராத ஒருத்தியின் குரல் என்பது உறைத்தது. சாகாத கிழவர்களைத் தாழியில் வைத்த கதையைப் பிள்ளைகள் கட்டியிருக்க மாட்டார்கள் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அதைக் கிழவர்கள்தான் கட்டியிருக்க வேண்டும். பாரமாகிவிட்டோம் என்ற நினைப்பை நேரடியாகச் சொல்ல முடியாத ஒரு தலைமுறை, பொட்டலில் தெரிந்த வட்டங்களைக் காட்டி, பேரப்பிள்ளைகளிடம் பேய்க்கதைபோலச் சொல்லிவைத்திருக்கிறது. இதற்கு என்னிடம் சான்று கிடையாது. அந்தக் கதையை எனக்குச் சொன்னவர்கள் எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள் என்பது மட்டும்தான் உண்டு.

கணவனை இழந்த ஒருத்தி குயவரிடம் கேட்கும் புறநானூற்றுப் பாட்டைப் பலரும் அறிவார்கள். வண்டிச் சக்கரத்தின் ஆரைக்காலை ஒட்டிக்கொண்டு வரும் சிறு பல்லியைப்போல அவனோடு சுரம் பல கடந்து வந்தவள் நான், எனக்கும் சேர்த்து அந்த ஈமத்தாழியை அகலமாகச் செய்துகொடு என்கிறாள். அன்பின் பாட்டு என்று அதைச் சொல்லுவார்கள். ஆம். ஆனாலும் அதில் அளவு பற்றிய ஒரு கறாரான பேச்சு இருக்கிறது. குயவரிடம் போய் நின்று, எவ்வளவு அகலம் என்று சொல்ல வேண்டிய அந்த நேரம் உண்மையிலேயே எல்லாருக்கும் இருந்திருக்கிறது. ஏழு வயதுக்கு எவ்வளவு என்று யாரோ ஒருவர் கையை விரித்துக் காட்டியிருக்கிறார்.

ஆச்சி எண்பத்தொன்பதில் போனாள். சுடுகாட்டில் எரித்தோம். மறுநாள் விடியலில் பால் தெளிக்கப் போனபோது, சாம்பலைத் தண்ணீர் விட்டு ஆற்றியிருந்தார்கள். காலிலிருந்து தொடங்கித் தலைவரைக்கும் ஒவ்வொரு துண்டாக எடுக்க வேண்டும் என்று அங்கே வேலை பார்க்கும் பெரியவர் சொன்னார். மூவாயிரம் ஆண்டுத் தொடர்ச்சி என்று இதைப் பேச எனக்குத் துணிவில்லை. எரிப்பதும் ஆற்றில் கரைப்பதும் வேறு வழக்கம். ஆனால் எலும்பு பொறுக்குகிற கைக்கு அந்த வேறுபாடெல்லாம் தெரிவதில்லை. சிறு கூழாங்கல் எது, எலும்பு எது என்று விரலால் தடவித்தான் அறிய வேண்டியிருந்தது. நாங்கள் வாங்கிப்போன மண்கலயம் சிறியது. தொடையெலும்பின் ஒரு துண்டை வைத்தபோது அது வாயில் தட்டி நின்றது. “அது கொள்ளாதுய்யா, சின்னதா எடுங்க” என்றார் பெரியவர். நான் அதைத் திருப்பி, சாய்த்து, இன்னொரு முறை வைத்துப் பார்த்தேன்.